அந்தப் பெயர் ஏன்?



சுண்டுக்குளி ஆலயம் ஏன் யோவான் ஸ்நானகனின் பெயரைத் தாங்குகிறது? படிக்கும் காலத்தில் நாம் இதைக் கேட்கவில்லை. போர்த்துக்கேயர் காலத்து ஆலயத்துக்கும் இதே பெயர்தான். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தரும், பின்வந்த ஆங்கிலேய மிஷனரிமாரும் புனிதர்களை நோக்கி ஜெபிப்பவர்கள் அல்லர். ஆயினும் இன்றும் அதே பெயர்.

இதற்கான விளக்கம் லூத்தரன் சபையாரின் 1530ஆம் ஆண்டு ஒக்ஸ்பேர்க் விசுவாச அறிக்கையில், 21ஆம் பிரிவில் உண்டு. புனிதர்களை நினைப்பது அவர்களிடம் வேண்டுவதற்கல்ல. அவர்களுடைய விசுவாசத்தைப் பின்பற்றுவதற்கே.

அப்படியானால் யோவானிடம் நாம் எதைப் பின்பற்றுவது? இரத்தசாட்சியும் முதலில் ஒரு சாட்சியே. சகோதரனின் மனைவியை வைத்திருப்பது நியாயமல்ல என்று ஏரோதுவிடமே சொன்னார். சிறையிலும் அதை மாற்றவில்லை, சிரச்சேதம் செய்யப்பட்டார்.

நம்மில் வைத்தியர்கள் மரணத்தின் காரணத்தை எழுதுகிறோம், ஆசிரியைகள் புள்ளி இடுகிறோம், சட்டத்தரணிகள் வழக்குரைக்கிறோம். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் நம்மில் பலர் வீட்டையும் புத்தகங்களையும் விட்டுவந்தோம். கண்டதைக் கண்டபடி சொல்லும் கடமையை மட்டும் எங்கும் விட்டுவர முடியாது. எந்த நாட்டில் இருந்தாலும், அந்தப் பெயருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுவே.