எர்ரர் வந்தால் மேலே பாருங்கள்
(வாழவந்தி நாட்டில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி வந்திருக்கிறீர்கள். களைப்பாக இருக்கும். அதனால் சுருக்கமாகவே பேசுகிறேன். லினக்ஸ் கெர்னலை நாமே கம்பைல் செய்யும்போது வரும் எர்ரர்களைப் பற்றிச் சொல்லும்படி மாணவர்கள் கேட்டார்கள்.

1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஃபின்லாந்து நாட்டுக் கல்லூரி மாணவர் தொடங்கியதுதான் இந்தக் கெர்னல். அதன் சோர்ஸ் கோட் முழுவதும் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்குள்ளும் இருப்பது இதே கெர்னல்தான்.

நமக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்கலாம். மலையில் படிக்கும் ஒரு மாணவியின் கதையைச் சொல்றேன், கேளுங்க. அவரிடம் இருந்தது 2 ஜிபி ராம் உள்ள ஒரு பழைய மடிக்கணினி. வீட்டுக்கே அது ஒண்ணுதான். அதில் வைஃபை வேலை செய்யவில்லை. அந்த சிப்புக்கான டிரைவர் கெர்னலில் சேர்க்கப்படாமல் இருந்தது. புது மடிக்கணினி வாங்க வசதியில்லை. சரி, கெர்னலையே கட்டிப் பார்ப்போம் என்று துணிந்துவிட்டார்.

முதல் தடங்கல் இரண்டாவது நிமிடத்திலேயே வந்தது. கடைசி வரியில் ‘எர்ரர் 2’ என்று மட்டும் இருந்தது. அந்த வரியைப் பார்த்துதான் பாதிப் பேர் பயந்து விட்டுவிடுகிறார்கள். மேக் தன் வேலையை நிறுத்திவிட்டது என்பதைத் தவிர அந்த வரி வேறு எதையும் சொல்லாது. காரணம் அதற்கு மேலே எங்கேயோ இருக்கும். பஸ் 70-வது வளைவில் நின்றாலும், டயரில் ஆணி குத்தியது 40-வது வளைவாக இருக்கலாம், இல்லையா? மேலே போய் முதல் எர்ரரைத் தேடுங்கள். பல வேலைகள் ஒரே நேரத்தில் ஓடி வரிகள் குழம்பிக் கிடந்தால், ஒரே ஒரு வேலையாக மறுபடி ஓட்டுங்கள். அங்கே ‘பைசன் இல்லை’ என்று தெளிவாக எழுதியிருந்தது. பைசன், ஃப்ளெக்ஸ், பிசி ஆகியவற்றையும், லிப்எல்ஃப், ஓப்பன்எஸ்எஸ்எல் ஆகியவற்றின் டெவலப்மென்ட் பேக்கேஜ்களையும் முதலிலேயே போட்டுவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

அடுத்தது ‘கில்ட்’ என்ற ஒற்றைச் சொல். கோடில் பிழையே இல்லை. ராம் போதாததால் கெர்னலே கம்பைலரை நிறுத்திவிட்டது. டிமெஸ்ஜி கட்டளையைக் கொடுத்தால் இது தெரிந்துவிடும். ஒரே நேரத்தில் ஓடிய நான்கு வேலைகளை ஒன்றாகக் குறைத்தார். டீபக் தகவலையும் நிறுத்தினார். இதனால் டிஸ்கிலும் பல ஜிபி மிச்சம். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் ‘சிக்னல் 11’ என்று நின்றால் மட்டும் ராம் பழுதா, மெஷின் சூடாகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது தடங்கல் நம்ம ஊர்ச் சமாச்சாரம். மழை வந்தது, கரண்ட் போனது. பேட்டரியோ எப்போதோ செத்துவிட்டது. மறுபடி ஓட்டியபோது, ஒரு ஆப்ஜெக்ட் ஃபைலை அடையாளம் தெரியவில்லை என்றது. பாதியில் எழுதப்பட்ட அந்த ஃபைல் காலியாகக் கிடந்தது. ஆனால் தேதி புதிதாக இருந்ததால், வேலை முடிந்ததென்று மேக் நம்பிவிட்டது. ‘மேக் கிளீன்’ கொடுத்தால் போதும். ‘மேக் எம்ஆர்ப்ராப்பர்’ கொடுத்தால் டாட் கான்ஃபிக் ஃபைலும் சேர்ந்து போய்விடும். அதற்கு முன்பு அதை ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

நான்காவதுதான் நெஞ்சை அடைக்கும். கம்பைல் முடிந்தது, ரீபூட் செய்தார். ரூட் ஃபைல்சிஸ்டத்தை மவுண்ட் செய்ய முடியவில்லை என்று சொல்லிக் கெர்னல் பேனிக் ஆகிவிட்டது. மறுநாள் கொடுக்க வேண்டிய ப்ராஜெக்ட் உள்ளே இருக்கிறது. கைகால் ஓடாதுதானே? அவர் கிரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தார், உள்ளே போய்விட்டார். பழையதை அழிக்காமல் வைத்திருந்தது அன்று காப்பாற்றியது. இமேஜை மட்டும் கையால் காப்பி செய்திருந்தார். டிஸ்க் டிரைவரும் ஃபைல்சிஸ்டமும் மாட்யூல்களாக இருந்தன, அவற்றை ஏற்றித் தரும் இனிட்ராம்எஃப்எஸ் இல்லை. மாட்யூல்களை நிறுவி, இனிட்ராம்எஃப்எஸ்ஸை உருவாக்கி, கிரப்பைப் புதுப்பித்ததும் புதுக் கெர்னல் எழுந்தது. வைஃபையும் வந்தது.

மாணவச் செல்வங்களே, புதுக் கெர்னல் ஒரு வாரம் ஒழுங்காக ஓடும்வரை பழையதைத் தொடாதீர்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். வந்த எர்ரரையும் தீர்த்த விதத்தையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்து வரும் ஜூனியருக்கு அந்த நோட்டைக் கொடுங்கள்.

பழைய மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் சும்மா கிடக்கும் ராமும் பேட்டரியும் இந்த மலைக்கு வரட்டும்.