பழைய படமும் புதிய திருத்தமும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

  

இலக்கியம் குறித்து உரையாற்ற இம்மேடையில் அறிஞர் பலர் உண்டு. யானோ புகைவண்டி அலுவலகத்தில் கணக்கெழுதும் எழுத்தன். பள்ளியிறுதி வகுப்புடன் படிப்பை நிறுத்தியவன். ஆயினும், நம் படிப்பகத்தில் சில மாதங்களாக நடைபெற்றுவரும் ஒரு வழக்கைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். பழைய திரைப்படங்களைப் புதுப்பித்து வெளியிடுவோர் அவற்றில் மாற்றம் செய்யலாமா என்பதே அவ்வழக்கு. பெரியவர்கள் ஒரு கட்சி. இளைஞர்கள் மறு கட்சி. இரு கட்சியிலும் நியாயம் இருக்கிறது. எனவே ஆய்ந்து பார்ப்பது நம் கடமை.

பறக்கும் தட்டும் பேரன்மாரும்

வழக்கைத் தொடங்கி வைத்தது "கலை அரசி" என்னும் படம். 1963ஆம் ஆண்டு வெளிவந்தது. ஏ. காசிலிங்கம் இயக்க, எம். ஜி. ஆரும் பானுமதியும் நடித்தனர். வேறு உலகத்தார் இசையில் வல்ல ஒரு பெண்ணைத் தேடிப் பூமிக்கு வந்து, அவளைக் கவர்ந்து செல்வதாகக் கதை. அதில் வரும் விண்கலத்தைக் கண்ட இளைஞர்கள் நகைத்தனர். "கணிப்பொறியின் துணையால் இக்கலத்தை மட்டும் மாற்றியமைத்தால் இன்றைய பிள்ளைகளும் விரும்பிப் பார்ப்பார்களே!" என்றார் ஒருவர். "தாத்தாவின் படத்துக்கு மீசை வரைவாயா?" என்றார் ஒரு பெரியவர்.

இளைஞரின் விருப்பம் தீயதன்று. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். மனிதன் முதன்முதலில் விண்வெளியில் பறந்தது 1961இல். நிலவில் கால் வைத்தது 1969இல். இவ்விரண்டுக்கும் இடையே, வேற்றுலகத்தைத் தமிழன் எவ்வாறு கற்பனை செய்தான் என்பதற்கு அப்பழைய கலமே சான்று. சிரிப்பு வருகிறதென்றால், அச்சிரிப்பும் வரலாற்றின் ஒரு பகுதியே. கலத்தை மாற்றிவிட்டால், 1963ஆம் ஆண்டின் கனவை அழித்து இந்நாளைய கனவை அங்கே ஒட்டியவர்கள் ஆவோம்.

மேலைநாட்டில் எழுந்த வழக்கு

இவ்வழக்கு நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டில் ஜார்ஜ் லூக்காஸ் என்பவர் 1977இல் "ஸ்டார் வார்ஸ்" என்னும் விண்வெளிப் படத்தை எடுத்தார். இருபது ஆண்டுகள் கழித்து, 1997இல், அவரே புதிய காட்சிகளையும் கணிப்பொறிச் சித்திரங்களையும் சேர்த்து மறுபடி வெளியிட்டார். முதற்படத்தில் ஒரு மதுக்கடையில் கதைத் தலைவருள் ஒருவன், தன்னைக் கொல்ல வந்தவனை முந்திக்கொண்டு சுட்டு வீழ்த்துவான். திருத்திய படத்தில், எதிரி முதலில் சுடுவதாகவும், குறி தவறிய பின்பே இவன் சுடுவதாகவும் மாற்றப்பட்டது. நொடிப்பொழுதில் முடியும் காட்சிதான். ஆயினும், தன்னலமிக்க முரடன் ஒருவன் மெல்ல மெல்ல நல்லவனாகிறான் என்னும் கதையின் அழகு அதனால் குறைந்துவிட்டது என்று அன்பர்கள் குமுறினர்.

அதன் பின்னர் வீட்டிலே பார்ப்பதற்கு வந்த குறுந்தகடுகளில் மேலும் மேலும் மாற்றங்கள் நுழைந்தன. 2006இல் மட்டும் பழைய வடிவம் ஓர் இணைப்பாகத் தரப்பட்டது. அதுவும் பழைய பிரதியிலிருந்து எடுத்த மங்கலான படம். மனம் பொறாத அன்பர்கள், கொட்டகைகளில் ஓடித் தேய்ந்த படச்சுருள்களைத் தேடிப் பிடித்துத் தம் சொந்தச் செலவில் பழைய வடிவத்தை மீட்க முனைந்தனர். 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் லண்டன் மாநகரில் 1977ஆம் ஆண்டின் அசல் படச்சுருளே திரையிடப்பட்டபோது அது செய்தித்தாள்களில் பெரும் செய்தியாயிற்று.

இதில் ஒரு விந்தையும் உண்டு. பிறர் எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வணிகர்கள் வண்ணம் பூசியபோது, கலைப்படைப்பை மாற்றுவது தகாது என்று 1988இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னவர் இதே லூக்காஸ்தான்! மற்றொரு பெரிய இயக்குநரான ஸ்பீல்பர்க், தம் "ஈ.டி." படத்தில் சிறுவரைத் துரத்தும் அதிகாரிகளின் கையிலிருந்த துப்பாக்கிகளை 2002ஆம் ஆண்டு வெளியீட்டில் பேசும் கருவிகளாக மாற்றினார். பின்னர் 2023இல், அவ்வாறு செய்திருக்கக் கூடாது என்று வெளிப்படையாகக் கூறினார். படைத்தவரே ஆயினும், வெளியிட்ட பிறகு அப்படைப்பு மக்களின் நினைவிலும் வாழ்கிறது என்பதை அவர் உணர்ந்தார்.

செப்பனிடுதல் வேறு, திருத்துதல் வேறு

நம் நாட்டுக்கு வருவோம். 1964ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு வந்த "கர்ணன்" படத்தை அறியாதவர் இங்கு இரார். அதை எடுத்த பி. ஆர். பந்துலு அவர்கள் நாம் வாழும் இக்கர்நாடக மண்ணின் மைந்தர், கோலார் மாவட்டத்துக்காரர். கன்னடத்தில் "கித்தூர் சென்னம்மா" எடுத்த அதே கை, தமிழில் "கர்ணன்" எடுத்தது. 2012இல் அப்படம் செப்பனிடப்பட்டு மீண்டும் வெளிவந்து, சென்னையில் நூறு நாட்களைக் கடந்து ஓடிற்று. அவ்வெற்றியைக் கண்டே, அவர் இயக்கிய "ஆயிரத்தில் ஒருவன்" 2014இல் புதுப்பொலிவுடன் வந்தது. கீறல்களைத் துடைத்தார்கள்; மங்கிய வண்ணத்தை மீட்டார்கள்; நைந்துபோன ஒலியை இன்றைய கொட்டகைகளுக்கு ஏற்பச் செம்மை செய்தார்கள். பாழடைந்த கோயிலின் கோபுரத்தில் முளைத்த செடியைக் களைவதற்கு ஒப்பான பணி இது. இதை வரவேற்கத்தான் வேண்டும்.

ஆனால், யாரும் அறியாமலே சில மாற்றங்கள் நம் வீட்டுக்குள் நுழைந்துவிடுகின்றன. பழைய படங்களின் சட்டம் ஏறத்தாழச் சதுர வடிவம். இன்றைய தொலைக்காட்சியோ நீள்வடிவம். திரை முழுவதும் நிரம்ப வேண்டும் என்பதற்காக மேலும் கீழும் வெட்டினால், படத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு போய்விடும். நாட்டியமாடும் பத்மினியின் பாதத்தைக் காணோம். அரசனின் மணிமுடியைக் காணோம்!

வேகத்திலும் ஒரு கணக்கு உண்டு. கொட்டகையில் படம் நொடிக்கு 24 சட்டங்கள் வீதம் ஓடும். நம் நாட்டுப் பழைய தொலைக்காட்சி முறையோ நொடிக்கு 25 சட்டங்கள். அதற்கேற்பப் பல நாடாக்களிலும் தகடுகளிலும் படத்தைச் சற்றே விரைவாக ஓட்டிப் பதிந்தனர். மூன்று மணி நேரப் படம் 172 நிமிடம் 48 நொடியில் முடிந்துவிடும். கூடவே நடிகரின் குரலும் சிறிது உயர்ந்துவிடும். புகைவண்டி ஏழு நிமிடம் முன்னதாக வந்தால் மகிழலாம். முன்னதாகப் புறப்பட்டுவிட்டால், குறித்த நேரத்துக்கு வந்த பயணியின் கதி என்ன? அதுபோலவே, சிவாஜி கணேசன் நிறுத்தி நிதானமாக உச்சரித்த சொல்லை நாம் அவசரத்தில் கேட்டிருக்கிறோம்.

இதில் நமக்கென்ன நட்டம் என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் வாழ்வோர்க்குத் தமிழ் தெருவெல்லாம் ஒலிக்கிறது. நம் பிள்ளைகளோ பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பயில்கின்றனர், அது முறையே. வீட்டில் ஒரு வேளையும், சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் ஒரு மணியுமே அவர்கள் தமிழ் எழுத்தைக் காண்கின்றனர். செந்தமிழ் உரையாடலை அவர்கள் செவி வழியே கற்றது பெரும்பாலும் இத்தகைய பழைய படங்களில்தான். பிரேசர் டவுன் தமிழ்க் குடும்பங்களுக்கு அவை பொழுதுபோக்கு மட்டுமல்ல; பாடப்புத்தகமும் ஆகும். பாடப்புத்தகத்தில் ஏடு கிழிந்தால் கவலைப்படாமல் இருக்க முடியுமா?

மாற்றப்பட்ட முடிவு

இனி, இவ்வழக்கின் உச்சத்துக்கு வருகிறேன். 2013இல் ஆனந்த் எல். ராய் இயக்கத்தில் தனுஷ் நடித்த இந்திப் படம் "ராஞ்சணா", தமிழில் "அம்பிகாபதி" என்று வந்தது. காதலுக்காகத் தன்னை அழித்துக்கொண்டவன் இறுதியில் இறக்கிறான். கம்பன் மகன் அம்பிகாபதியின் பெயரை வைத்ததும் அதன்பொருட்டே போலும். 2025 ஆகஸ்ட் முதல் நாள், செயற்கை நுண்ணறிவின் துணையால் அம்முடிவை மாற்றி, நாயகன் உயிர் பிழைப்பதாக அப்படம் மீண்டும் வெளியிடப்பட்டது. இயக்குநரும் நடிகரும் தம் இசைவின்றி இது செய்யப்பட்டது என்று கடுமையாக எதிர்த்தனர். தயாரித்த நிறுவனமோ, உரிமை தன்னுடையது என்றும், பழைய வடிவம் அழிக்கப்படவில்லை என்றும் விடை கூறியது.

சட்டம் யாது கூறுகிறது? 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 57ஆம் பிரிவில், தன் படைப்பைச் சிதைத்துப் பெருமையைக் குலைப்போரைத் தடுக்கும் உரிமையைப் படைப்பாளிக்கு அளிக்கிறது. ஆனால் அதே சட்டம், திரைப்படத்துக்குப் படைப்பாளி என்று தயாரிப்பாளரையே குறிப்பிடுகிறது. இயக்குநர் வாசலில் நிற்கிறார். மேலும், திரைப்படத்தின் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கம் முதல் 60 ஆண்டுகளே. அவ்வாறாயின் "கலை அரசி"க்கு 2023உடனும், "கர்ணன்" படத்துக்கு 2024உடனும் அக்காலம் முடிந்தது. பாட்டுக்கும் இசைக்கும் தனிக் காலவரை உண்டு என்பது வேறு. இனி ஆண்டுதோறும் நம் பொற்காலப் படங்கள் ஒவ்வொன்றாகக் காவலின்றி நிற்கப்போகின்றன. கர்ணன் களத்தில் சாகாமல் அரியணை ஏறுவதாக ஒருவன் மாற்றிவிட்டால் தடுப்பவர் யார்? அந்நாளில் கொடையின் பொருளும் செஞ்சோற்றுக் கடனின் பொருளும் என்னாகும்?

பேரேடு கற்பிக்கும் பாடம்

என் தொழிலில் ஒரு விதி உண்டு. பேரேட்டில் ஓர் எண் தவறாக விழுந்தால் அதைச் சுரண்டக் கூடாது. அதன்மேல் எழுதவும் கூடாது. பழைய எண் தெரியும்படி ஒற்றைக் கோடு இழுத்து, அருகே சரியான எண்ணை எழுதி, உரியவர் சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும். ஏனெனில், நாளை தணிக்கைக்கு வருபவர் முன்பு இருந்தது எது, பின்பு வந்தது எது, மாற்றியவர் யார் என்ற மூன்றையும் அறிய வேண்டும். திருத்துவது குற்றமன்று, திருத்தியதை மறைப்பதே குற்றம்.

நம் தமிழ்ச் சான்றோரும் இவ்விதியை அறிந்திருந்தனர். உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1887இல் சிந்தாமணியையும், 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தார்கள். சுவடிக்குச் சுவடி பாடம் வேறுபட்டபோது, தமக்குப் பிடித்ததை வைத்து மற்றதை எறிந்துவிடவில்லை. பிரதிபேதம் என்று குறித்து வைத்தார்கள். கம்பராமாயணத்தில் பின்னே வந்தோர் நுழைத்த பாட்டுகளுக்கு "வெள்ளிப் பாடல்" என்று பெயரிட்டுத் தனியே பிரித்தார்கள்.

"கம்பனே வான்மீகியை மாற்றவில்லையா?" என்று இளைஞர்கள் கேட்டனர். நல்ல கேள்வி. இராவணன் சீதையைத் தொடாமல் பர்ணசாலையோடு பெயர்த்தெடுத்தான் என்று கம்பன் மாற்றினான். ஆனால் அவன் வான்மீகியின் ஏட்டில் கை வைக்கவில்லை. தன் ஏட்டில், தன் பெயரில், தன் தமிழில் எழுதினான். வடமொழி நூலும் வாழ்கிறது. கம்பன் நூலும் வாழ்கிறது. அத்தகைய மாற்றத்தை நான் தலைவணங்கி ஏற்பேன்.

இவ்விதியை வைத்து "அம்பிகாபதி" வழக்கைத் தீர்த்துப் பாருங்கள். பழைய எண் அழிக்கப்படவில்லை என்பது நிறுவனத்தின் பக்கம் நிற்கும் நியாயம். ஆயினும் திருத்தத்தின் அருகே, எழுதியவருடைய சுருக்கொப்பம் இல்லை. ஆகவே கணக்கு இன்னும் தேறவில்லை என்பதே என் தீர்ப்பு.

பிற்காலப் பிரதி எல்லாம் தீது என்றும் கொள்ளற்க. நம் ஊரிலிருந்து மைசூர் செல்லும் வழியில் உள்ள இராமநகரத்துப் பாறைகளிடையே எடுக்கப்பட்டது "ஷோலே". நெருக்கடி நிலை நிலவிய 1975இல், தணிக்கையாளர் விருப்பப்படி அதன் முடிவு மாற்றப்பட்டது. 2025இல் இத்தாலி நாட்டுப் போலோனா நகரில், செப்பனிட்ட பிரதி இயக்குநர் முதலில் எடுத்த முடிவுடன் திரையிடப்பட்டது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் உண்மை திரும்பி வந்தது. காரணம் என்ன? அப்பழைய சுருளை யாரோ எறியாமல் வைத்திருந்தார்கள்! முதல் தமிழ்ப் பேசும் படமான 1931ஆம் ஆண்டுக் "காளிதாஸ்" படத்துக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. இன்று ஒரு பிரதியும் இல்லை.

நாம் செய்யத் தக்கவை

பேசிக் கலைவது நம் சங்கத்தின் மரபன்று. மூன்று செயல்களை முன்மொழிகிறேன். முதலாவது, நம் குடும்பங்களின் பரண்களில் கிடக்கும் பழைய வீடியோ நாடாக்களையும் தகடுகளையும் குப்பைக்கு அனுப்புமுன் படிப்பகத்தில் காட்டுங்கள். பெயர், ஆண்டு, ஓடும் நேரம் ஆகியவற்றைப் பட்டியலிடுவோம். எங்கும் கிடைக்காதது ஏதேனும் அகப்பட்டால், 1964இல் புனேயில் நிறுவப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு அறிவிப்போம். இரண்டாவது, சங்கத்தில் எப்படம் திரையிட்டாலும், அது முதல் வடிவமா, திருத்திய வடிவமா என்று முன்னரே அறிவிப்போம். மூன்றாவது, பிள்ளைகளுக்கு முதலில் பழைய வடிவத்தைக் காட்டுவோம்; பிறகு புதியதைக் காட்டி, வேறுபாட்டை அவர்களையே சொல்லச் செய்வோம். அதைவிடச் சிறந்த தமிழ்ப் பயிற்சி வேறில்லை.

இளைஞர்களே! உங்கள் கையில் கணிப்பொறி இருக்கிறது. புதிய விண்கலம் படைக்க வேண்டுமானால், புதிய கதை எழுதிப் புதிய படம் எடுங்கள். அதைப் பார்க்க முதல் வரிசையில் நாங்கள் அமர்ந்திருப்போம். பெரியவர்களே! கீறலும் கறையும்தான் பழமை என்று எண்ணாமல், துடைத்துத் தருவோரை வாழ்த்துங்கள். முன்னோர் எழுதிய ஏட்டை அழியாமல் காப்பதும், அதன் அருகே நம் ஏட்டைப் புதிதாக எழுதுவதும் இருவேறு பணிகள். இரண்டும் இச்சங்கத்தில் நடைபெற வேண்டும்.