கருமணல் உலோகமும் உலையின் பதமும்



கொல்லர் அரிவாளுக்குத் தோய்ச்சல் கொடுப்பதை நாம் கண்டிருக்கிறோம். செந்நிறமாகக் காய்ச்சிய எஃகை நீரில் ஆழ்த்தியவுடன் அது கடினமாகிவிடும். ஒடியாதிருக்கச் சிறிது சூடு காட்டிப் பதப்படுத்துவார். இதே தீயாலும் நீராலும் வேறு விதமாகப் பதம்பெறுவது டைட்டானியம்.

இது நமக்கு அயலானதன்று. மணவாளக்குறிச்சியிலும், கொல்லத்தை அடுத்த சவராவிலும் கிடைக்கும் கருமணலில் உள்ளது. நெடுங்காலம் அதிலிருந்து வெள்ளைச் சாயப் பொருளே செய்துவந்தோம். உலோகமாகப் பிரிக்கும் ஆலை சவராவில் 2011-ஆம் ஆண்டில்தான் ஏற்பட்டது. நூற்றுக்கு 6 பங்கு அலுமினியமும் 4 பங்கு வனேடியமும் சேர்ந்த டைட்டானியக் கலவை, ராக்கெட்டின் வாயுக் கலங்களுக்கும் செயற்கை இடுப்பு மூட்டுக்கும் பயன்படுகிறது.

அக்கலவைக்குள் ஆல்பா, பீட்டா என இருவகைப் படிகங்கள் உள்ளன. சூடு ஏற ஏறப் பீட்டா பெருகும். சுமார் 995 டிகிரி சென்டிகிரேடில் முழுதும் பீட்டாவே. அவ்வெல்லைக்குக் கீழே, 950 டிகிரி அளவில் நிறுத்தி நீரில் தோய்ப்பர். வியப்பு என்னவென்றால், எஃகைப் போல இது உடனே பெருங்கடினம் அடைவதில்லை! பிறகு 540 டிகிரி அளவில் சில மணி நேரம் வைத்தால்தான், பிரிய நேரமின்றி அடைபட்டிருந்த ஆல்பா பொடித்துகள்களாக முளைத்து, உலோகம் நெளியாமல் தடுக்கிறது. வெறுமனே காய்ச்சி மெல்ல ஆறவிட்ட கலவையில், 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 90 கிலோ தாங்கும். இப்பதம் பெற்றது ஏறத்தாழ 110 கிலோ தாங்கும். தடித்த உருப்படியின் நடுப்பகுதி மெதுவாக ஆறுவதால், அங்கே இப்பயன் முழுமையாகக் கிட்டாது.

எல்லையைக் கடந்து காய்ச்சினால் என்னாகும்? பீட்டா மணிகள் விரைந்து பருத்துவிடும். ஆறும்போது அவற்றினுள் ஆல்பா பட்டை பட்டையாகப் படியும். தோன்றிய விரிசல் பரவுவதை அவ்வமைப்பு ஓரளவு தடுக்கும் என்பது மெய்யே. ஆனால் இழுத்தால் நீளும் இயல்பு குறையும். திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்கும் உறுப்பில் விரிசல் முன்னதாகவே தோன்றும். ரயில் அச்சுக்கான எஃகில் மணி பருத்துவிட்டால், மறுபடி காய்ச்சிக் காற்றில் ஆறவிட்டு அதை நுண்மையாக்கலாம். டைட்டானியத்துக்கு அச்சலுகை இல்லை. சூட்டில் மீண்டும் அடித்து உருமாற்றினாலன்றிப் பருத்த மணி சிறுக்காது. உருவம் முடிந்த கலத்தை எங்ஙனம் அடிப்பது? கழித்துக் கட்ட வேண்டியதே.

மற்றொரு தொல்லை பிராணவாயு. கடுஞ்சூட்டில் டைட்டானியம் அதை உறிஞ்ச, மேற்பரப்பு எளிதில் வெடிக்கும் ஓடாகிவிடும். அதனால் வெற்றிட உலையிலோ ஆர்கன் வாயுவிலோ காய்ச்சுவர். ஓடு பிடித்துவிட்டால், கடைந்தோ அமிலத்தில் கரைத்தோ நீக்கிய பின்னரே உருப்படியைப் பயனுக்கு விடுவர்.