கோர்மன் பார்த்த ராத்திரி

ஸ்பாய்லர் இருக்கு. ஸ்டார் வார்ஸ் 'ஆண்டோர்' ரெண்டாவது சீசன், எட்டாவது எபிசோட் பார்க்காதவங்க இங்கேயே இறங்கிக்கலாம்.

2025 மே மாசம் வந்தது. கடலூர்ல எங்க வீட்டு மாடியில ஹெட்ஃபோன் போட்டுப் பார்த்தேன். கோர்மன் கிரகத்து மக்கள் சதுக்கத்துல கூடித் தங்களோட பாட்டைப் பாடுறாங்க. பேரரசு தன் சொந்தச் சிப்பாயையே மறைஞ்சிருந்து சுட்டு, அதைச் சாக்கா வெச்சு கூட்டத்தைச் சுடுது. அங்க பாஸ் பண்ணிட்டேன். அழுகை.

நான் இன்ஜினியரிங் படிச்சது சிதம்பரம் அண்ணாமலை பல்கலைக்கழகத்துல. அங்க ராஜேந்திரன் சிலை இருக்கு. 1965 ஜனவரி 27 அன்னிக்கு, இந்தித் திணிப்பு எதிர்ப்புப் போராட்டத்துல போலீஸ் சுட்டு இறந்த மாணவர். நாலு வருஷம், "சிலைகிட்ட வந்துடு மச்சி"ன்னு அடையாளம் சொன்னதோட சரி. யாருன்னு ஒருநாளும் கேட்டதில்ல. இல்லாத கிரகத்துக்கு அழுதவன், அந்த ராத்திரிதான் அவரைப் பத்தித் தேடிப் படிச்சேன்.

ரெண்டும் ஒண்ணுன்னு சொல்ல வரல. அது கனிமத்துக்காகத் திட்டம் போட்டு நடத்தின படுகொலை. ஆனா பாடிட்டு நின்ன அந்த முகங்கள்ல பாதி, காலேஜ் வயசு.

ஒன்பதாவது எபிசோடைத் தொட ரெண்டு நாள் ஆச்சு. மான் மாத்மாவோட செனட் பேச்சு அதுலதான். அடுத்த வாரம் பேசலாம்.