வீட்டில் ஒரு வலையமைப்புக் கூடம்: சான்றிதழும் திறமையும்

(இளநிலை அலுவலர்களும் பாலிடெக்னிக் மாணவர்களும் கலந்துகொண்ட பயிற்சி முகாமொன்றில் மத்திய அரசு அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கணிப்பொறி வலையமைப்பைப் பற்றிப் பேசுவதற்குப் பொருளாதாரம் பயின்ற ஒருவனை அழைத்திருக்கிறீர்கள். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஒரு நாடு தன் இளைஞர்களின் கல்வியில் செய்யும் முதலீடு எத்தகைய பலனைத் தருகிறது என்பது பொருளாதாரத்தின் அடிப்படைக் கேள்விகளுள் ஒன்று. அக்கேள்வி 2022-ஆம் ஆண்டு மார்ச் 31-ஆம் நாள் தில்லியில் என் அலுவலகத்திலேயே என் எதிரில் வந்து நின்றது. அந்த நிகழ்ச்சியிலிருந்தே தொடங்குகிறேன்.

அன்று நிதியாண்டின் இறுதி நாள். மாலைக்குள் அனுப்பப்படாத பட்டியல்களுக்கான ஒதுக்கீடு காலாவதியாகிவிடும் என்பதை இங்குள்ள அலுவலர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காலை பதினொரு மணியளவில் எங்கள் கணிப்பொறிகள் அனைத்தும் தொடர்பிழந்தன. வலையமைப்பில் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வைத்திருந்தவர்கள் எங்களிடம் மூவர் இருந்தனர். அவர்களைப் பயிற்சிக்கு அனுப்பும் கோப்பில் கையொப்பமிட்டவன் நானே. அவர்கள் சர்வரைச் சோதித்தனர். இணைய இணைப்பு வழங்கும் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசினர். பிற்பகல் இரண்டு மணியாகியும் பயனில்லை.

அப்போது ஒப்பந்த அடிப்படையில் பணியாற்றிய தரவுப் பதிவாளர் ஒருவர், தாம் ஒருமுறை பார்க்கலாமா என்று தயக்கத்துடன் அனுமதி கேட்டார். பிரதான ஸ்விட்சின் விளக்குகள் அனைத்தும் ஒரே வேகத்தில் இடைவிடாது துடித்துக்கொண்டிருந்ததை அவர் சிறிது நேரம் நோக்கினார். பின்னர் கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார். ஒரு குறிப்பிட்ட கேபிளைக் கழற்றியதும் விளக்குகள் அமைதியடைந்தன. அதன் மறுமுனையைத் தேடிச் சென்றபோது, மேசையொன்றின் அடியில் சிறிய ஸ்விட்ச் ஒன்று இருந்தது. ஒரே கேபிளின் இரு முனைகளும் அதில் செருகப்பட்டிருந்தன. முதல் நாள் மேசையை நகர்த்திய யாரோ, தொங்கிக்கொண்டிருந்த முனையை நல்லெண்ணத்துடன் அருகிலிருந்த துளையில் செருகிவிட்டிருக்கிறார். மறுநாள் காலையில் அந்தச் சிறு ஸ்விட்சுக்கு மின்சாரம் கொடுத்தவுடன் தொல்லை தொடங்கியிருக்கிறது. இருபது நிமிடங்களில் வேலை முடிந்தது. மாலைக்குள் பட்டியல்கள் சென்றன.

நடந்தது இதுதான். எல்லாக் கணிப்பொறிகளுக்கும் என்று அனுப்பப்படும் ஒரு செய்தி, இவ்வாறு வளையமாகிவிட்ட பாதையில் முடிவின்றிச் சுற்றிச் சுற்றிப் பெருகும். வேறு எந்தச் செய்திக்கும் இடமிராது. இதனைத் தடுப்பதற்கான ஸ்பானிங் ட்ரீ என்னும் முறையை ராடியா பெர்ல்மன் என்னும் அமெரிக்கப் பெண் அறிஞர் 1985-இல் வகுத்தார். எங்கள் பிரதான ஸ்விட்சில் அம்முறையை எவரோ முன்னொரு காலத்தில் நிறுத்தி வைத்திருந்தனர். சான்றிதழ் பெற்ற மூவரும் ஸ்பானிங் ட்ரீயின் இலக்கணத்தை நன்கு அறிந்தவர்களே. ஆனால் வளையத்தைக் கண்ணால் கண்டதில்லை. அந்த இளைஞரோ தம் வீட்டில் பலமுறை அத்தகைய வளையத்தை வேண்டுமென்றே உண்டாக்கி, அது என்ன செய்கிறது என்று பார்த்திருந்தார். அவரிடம் சான்றிதழ் எதுவும் இல்லை.

சான்றிதழின் பயனும் எல்லையும்

இதைக் கூறுவதால் சான்றிதழ் வீண் என்று நான் சொல்வதாக எண்ணிவிடக் கூடாது. வேலை கொடுப்பவருக்கு விண்ணப்பதாரரின் உள்ளார்ந்த திறமை கண்ணுக்குத் தெரிவதில்லை. எனவே கல்விச் சான்று அத்திறமையைச் சுட்டும் ஓர் அடையாளமாகப் பயன்படுகிறது என்று மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் விளக்கினார். 2001-இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் அவர் ஒருவர். ஆனால் அந்த அடையாளத்துக்கு மதிப்பு இருக்க வேண்டுமானால், திறமையற்றவருக்கு அது எளிதில் கிட்டாததாக இருக்க வேண்டும். முந்தைய தேர்வுகளின் வினாக்களை விலைக்கு வாங்கி மனப்பாடம் செய்து தேறுவோர் பெருகினால், நேர்மையாகப் படித்துத் தேறியவரின் சான்றிதழும் மதிப்பிழக்கும்.

கென்னத் ஆரோ 1962-இல் எழுதிய கட்டுரை, செய்து பழகுவதால் உண்டாகும் அறிவைப் பற்றியது. உற்பத்தியில் ஈடுபடும்போது எழும் சிக்கல்களைத் தீர்க்க முயல்வதன் மூலமே அனுபவ அறிவு வளர்கிறது என்பது அதன் சாரம். வலையமைப்புத் துறைக்கு இது முற்றிலும் பொருந்தும்.

இத்துறையில் பரவலாக அறியப்பட்ட சிசிஎன்ஏ தேர்வை எடுத்துக்கொள்வோம். சிஸ்கோ நிறுவனம் 1998-இல் தொடங்கிய இத்தேர்வு, 2020 பிப்ரவரியில் மாற்றியமைக்கப்பட்டது. தேர்வு நேரம் 120 நிமிடங்கள். சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். கட்டணம் 300 அமெரிக்க டாலர். நம் நாணயத்தில் வரி நீங்கலாகவே இருபத்தையாயிரம் ரூபாய்க்கு மேல். நடுத்தரக் குடும்பத்து மாணவர் ஒருவர் இத்தொகையை ஒருமுறைக்கு மேல் செலவிட இயலாது. ஆகவே முதல் முயற்சிக்கு முன்பே அவர் கைப்பழக்கம் பெற்றிருக்க வேண்டும். அதற்குரிய இடமே வீட்டுச் சோதனைக்கூடம்.

கூடத்தை அமைப்பது எவ்வாறு?

அந்த இளைஞரின் வழிகாட்டுதலில், ஐம்பத்து நான்காம் வயதில் நானும் என் வீட்டில் ஒரு கூடம் அமைத்தேன். அந்த அனுபவத்தைக் கொண்டே கூறுகிறேன்.

முதற்படிக்குச் செலவே இல்லை. எட்டு ஜிபி நினைவகம் உள்ள சாதாரணக் கணிப்பொறி போதும். பாக்கெட் ட்ரேசர் என்னும் மென்பொருளைப் பதிவு செய்துகொண்டு இலவசமாகப் பெறலாம். ரௌட்டர்களையும் ஸ்விட்சுகளையும் திரையிலேயே இணைத்துக் கட்டளைகளைப் பழக அது உதவும். ஜிஎன்எஸ்3 என்பது மற்றொன்று. அது கருவிகளின் உண்மையான இயக்க மென்பொருளையே கணிப்பொறியில் ஓட வைக்கும். ஆனால் அம்மென்பொருளை உரிமத்துடன் பெற வேண்டும். பாடங்களுக்கு ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் விரிவுரைகள் என்பிடெல், ஸ்வயம் ஆகியவற்றில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

இரண்டாம் படியில் உண்மைக் கருவிகள் சில தேவை. கேபிள் முனையில் எட்டுக் கம்பிகளை நிற வரிசைப்படி அடுக்கி இறுக்குவது, கடவுச்சொல் மறந்துபோன ரௌட்டரை மீட்பது, விளக்குகளைப் பார்த்து நோயை அறிவது ஆகியவற்றைத் திரை கற்பிக்காது. நேரு பிளேஸில் பழைய ஸ்விட்ச் இரண்டும் ரௌட்டர் ஒன்றும் ஒன்பதாயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். புதிய மாதிரிகளை நாட வேண்டியதில்லை. அடிப்படைப் பாடங்கள் பழைய கருவியிலும் மாறுவதில்லை.

மின்செலவையும் கணக்கிட வேண்டும். 40 வாட் எடுக்கும் ஒரு ஸ்விட்ச் இரவும் பகலும் ஓடினால் மாதம் ஏறத்தாழ 29 யூனிட் ஆகும். நாள்தோறும் இரண்டு மணி நேரம் மட்டும் ஓட்டினால் 2.4 யூனிட்டே. படிக்கும்போது ஓட்டி, முடித்ததும் நிறுத்திவிடுவதே சிக்கனம். அவற்றின் விசிறிகள் எழுப்பும் ஓசையைக் கருதினால், வீட்டாரின் நல்லெண்ணத்துக்கும் அதுவே உகந்தது.

கட்டுதல், கெடுத்தல், திருத்துதல்

கருவிகளை வாங்கி அடுக்குவதோடு பலர் நின்றுவிடுகின்றனர். பயிற்சிக்கு ஓர் ஒழுங்கு வேண்டும்.

முதலில் தாளில் திட்டமிடுங்கள். கணக்கு, நிர்வாகம், பண்டகசாலை, விருந்தினர் என நான்கு பிரிவுகள் கொண்ட அலுவலகத்தைக் கற்பனை செய்யுங்கள். 192.168.10.0 என்னும் வலையில் 256 முகவரிகள் உள்ளன. நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 64. அவற்றில் முதலும் கடைசியும் நீங்கக் கணிப்பொறிகளுக்குப் பயன்படுபவை 62. இந்தக் கணக்கு மனத்தில் படியும்வரை கருவியைத் தொட வேண்டாம்.

அடுத்து, திட்டப்படி கட்டுங்கள். கணக்குப் பிரிவிலிருந்து விருந்தினர் பிரிவுக்குச் செய்தி செல்லாதவாறு தடை அமையுங்கள். வயர்ஷார்க் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு கேபிளில் ஓடும் செய்திகளைப் பாருங்கள். புதிய கணிப்பொறி ஒன்று முகவரி கேட்பதும், சர்வர் ஒரு முகவரியை முன்மொழிவதும், கணிப்பொறி அதை வேண்டுவதும், சர்வர் உறுதி செய்வதுமான நான்கு செய்திகள் வரிசையாகத் தெரியும். புத்தகத்தில் படமாகக் கண்டதை நடக்கும்போதே காணலாம்.

பிறகு கெடுங்கள். நண்பர் ஒருவரிடம் கூடத்தை ஒப்படைத்து, நீங்கள் அறியாமல் ஒரு பழுதை உண்டாக்கச் சொல்லுங்கள். கேபிள், ஸ்விட்ச் துளை, பிரிவு, முகவரி, பாதை, பெயர்ச் சேவை என்று கீழிருந்து மேலாகச் சோதித்து வாருங்கள். நாள், அறிகுறி, ஊகம், செய்த சோதனை, உண்மைக் காரணம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். என் நோட்டின் முதல் இருபது பழுதுகளில் என் ஊகம் சரியாக இருந்தது நான்கில் மட்டுமே. இதைக் கூற நான் வெட்கப்படவில்லை. எந்த ஊகம் ஏன் தவறியது என்று அந்த நோட்டைத் திருப்பிப் பார்த்தே கற்றுக்கொண்டேன்.

இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். உங்கள் சோதனைக் கருவிகளை அலுவலக வலையமைப்போடு ஒருபோதும் இணைக்காதீர்கள். மற்றொன்று அலுவலர்களுக்கு. நான் வாங்கிய பழைய ரௌட்டரை இயக்கியபோது, முன்பு அதை வைத்திருந்த அலுவலகத்தின் முகவரி அமைப்பும் கடவுச்சொற்களும் அதில் அப்படியே இருந்தன. அவற்றுட் சில எளிதில் படித்துவிடக்கூடிய வடிவில் இருந்தன. உடனே அனைத்தையும் அழித்தேன். கழிவு செய்யும் கோப்பில் கையொப்பமிடுமுன், கருவியிலுள்ள அமைப்பு அழிக்கப்பட்டதா என்று கேளுங்கள்.

அரசின் கடமை

நம் நாடு இத்துறையில் பிந்தித் தொடங்கவில்லை. தேசிய தகவலியல் மையம் 1976-இல் அமைந்தது. கல்வி நிலையங்களை இணைக்கும் எர்நெட் 1986-இல் தொடங்கியது. 1995 ஆகஸ்ட் 15 அன்று இணையம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. கிராம ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொண்டு செல்லும் திட்டத்துக்கு 2011-இல் அனுமதி வழங்கப்பட்டது. அதுவே பின்னர் பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. இழையைப் புதைப்பதற்கு ஒதுக்கீடு செய்கிறோம். அது அறுபட்டாலோ, மறுமுனையிலுள்ள கருவி செயலிழந்தாலோ, அதே வட்டாரத்தில் வாழும் ஒருவர் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். அத்தகையோரை உருவாக்குவதும் முதலீடே.

இதற்கு மூன்று ஆலோசனைகளைப் பணிவுடன் முன்வைக்கிறேன். ஒன்று: அலுவலகங்கள் நீக்கும் ஸ்விட்சுகளையும் ரௌட்டர்களையும், உள்ளடக்கத்தை அழித்த பின், விதிகள் இடந்தருமளவுக்கு ஐ.டி.ஐ.களுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் வழங்கலாம். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி அப்புறப்படுத்துமுன், அவை ஒரு தலைமுறை மாணவருக்குப் பயன்படட்டும். இரண்டு: பயிற்சியின் முடிவில் வினாத்தாளோடு, பழுதடைந்த வலையமைப்பு ஒன்றையும் கொடுத்து ஒரு மணி நேரத்தில் சரிசெய்யச் சொல்லலாம். மூன்று: ஒற்றை அறையில் ஐவர் வாழும் வீட்டில் சோதனைக்கூடத்துக்கு மேசை ஏது? அத்தகைய மாணவருக்காக மாவட்ட நூலகங்களில் மாலை நேரக் கூடங்கள் அமைக்கலாம்.

அந்த இளைஞர் என்னவானார் என்று கேட்பீர்கள். அவரை நிரந்தரத் தொழில்நுட்பப் பணிக்குப் பரிந்துரைத்து நான் எழுதிய குறிப்பு, உரிய சான்றிதழ் இல்லை என்ற காரணத்தால் திரும்பி வந்தது. விதி அது, என்னாலும் மறுத்துச் சொல்ல முடியவில்லை. அவர் ஓராண்டு பணம் சேர்த்து 2023-இல் தேர்வெழுதி முதல் முயற்சியிலேயே தேறினார். இன்று வேறொரு நிறுவனத்தில் வலையமைப்புப் பொறுப்பில் இருக்கிறார். நாங்கள் அவரை இழந்தோம்.

மாணவ நண்பர்களே, சான்றிதழைப் பெறுங்கள். அது இல்லாமல் உங்கள் விண்ணப்பத்தை எவரும் படிக்கமாட்டார்கள். ஆனால் வீட்டில் நீங்களே கெடுத்து, நீங்களே திருத்திய பிறகு அதைப் பெறுங்கள். அலுவலர்களே, அடுத்த முறை பயிற்சிக்கான கோப்பு உங்கள் மேசைக்கு வரும்போது, எத்தனை சான்றிதழ்கள் என்பதோடு எத்தனை பழுதுகள் என்றும் கேளுங்கள். நான் அன்று அதைக் கேட்கத் தவறினேன்.