ஹூக்ளிக் கரையில் காகித ஆலை



ஹௌராவில் ரயிலேறி வடக்கே சென்றால் அரைமணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாகச் செராம்பூர் வருகிறது. நம் தரங்கம்பாடியைப் போல அவ்வூரும் டேனியர் வசமிருந்தது; இரண்டையும் அவர்கள் 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றனர். இந்நாட்டில் காகிதத் தொழிலுக்கு நீராவி வந்தது அங்கேதான்.

வில்லியம் கேரி, மார்ஷ்மன், வார்டு என்னும் மூவரும் அங்கு அச்சகம் நடத்தினர். நாட்டுக் காகிதம் அரிசிக் கஞ்சி பூசியது. கரையானுக்கு அது விருந்து. சீமைக் காகிதமோ விலை மிகுந்தது. ஆகவே தாமே காகிதம் செய்ய முற்பட்டனர். கூழரைக்க ஒரு மிதிசக்கரம். நாற்பது ஆட்கள் முறைபோட்டு மிதித்தனர். அவர்களில் ஒருவர் சக்கரத்தில் சிக்கி மாண்டார். அவர் பெயரை எந்த வரலாறும் குறித்ததாக நான் கண்டதில்லை. அச்சாவுக்குப் பின்னரே மாற்று வழி தேடினர். இங்கிலாந்தின் போல்டன் நகரிலிருந்து பன்னிரண்டு குதிரைத் திறன் கொண்ட நீராவி இயந்திரம் வந்து, 1820-இல் இயங்கத் தொடங்கியது. ‘நெருப்பு இயந்திரம்’ எனச் சொல்லி மக்கள் திரண்டு வந்து பார்த்தனர்.

இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? கோட்டை வில்லியம் கல்லூரியில் கேரி பெற்ற சம்பளம், மார்ஷ்மன் தம்பதியர் நடத்திய பள்ளியின் வருவாய், அச்சகத்தின் ஆதாயம் அனைத்தும் ஒரே பொதுப்பையில் விழுந்தன. தனி லாபம் கருதாத மூலதனம் அது. ஆதலால் பொறுமையும் அதற்கு இருந்தது.

லண்டனில் நடந்ததோ வேறு. ஓடும் கம்பிவலைமீது கூழை ஊற்றி முடிவில்லாத தாளாக எடுக்கும் பொறியைப் பிரான்சில் லூயி ராபர்ட் வகுத்து, 1799-இல் உரிமை பெற்றார். அதைச் செப்பனிட, ஃபூர்டிரினியர் என்னும் காகித வணிகச் சகோதரர்கள் ஏறத்தாழ 60,000 பவுன் செலவிட்டனர். பிரயான் டாங்கின் என்னும் பொறியாளர் இயந்திரத்தைச் செம்மையாக்கினார். பலனாக அவ்வணிகர்கள் 1810-இல் திவாலாயினர்! அவர்கள் கண்டுபிடித்ததன்று, ஆயினும் இயந்திரம் இன்றும் அவர்கள் பெயரையே தாங்குகிறது. முப்பதாண்டு கழித்துப் பாராளுமன்றம் அளித்த ஈடு 7,000 பவுன்தான்.

கடன்பட்ட வணிகரும் பொதுப்பை வைத்திருந்த பாதிரிமாரும் வழி திறந்த பின்னரே, கூட்டுப்பங்குக் கம்பெனிகள் துணிந்து முன்வந்தன. ஹூக்ளிக் கரையிலேயே பாலியில் ஓர் ஆலை எழுந்தது. பின் 1882-இல் டிட்டாகர் ஆலை தோன்றியது. அதை நிர்வகித்தது ஹைல்கர்ஸ் என்னும் ஏஜென்சி நிறுவனம். கந்தலுக்குப் பதில் சபாய்ப் புல்லும் கூழாயிற்று. பாலி ஆலை நொடித்தபோது, அதன் இயந்திரங்களை டிட்டாகர் ஆலை வாங்கிக்கொண்டது.