நானா நிறுத்தின மாத்திரை

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவ. மைக் பிடிக்கிறது இதுதான் முதல் தடவை.

மாமியார் இறந்த வருஷம் எனக்குப் படபடப்பு, தூக்கமே இல்லை. டாக்டர் ரெண்டு வாரத்துக்கு அல்பிரசோலம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான் பழைய சீட்டையே காட்டி ஒன்றரை வருஷம் வாங்கிச் சாப்பிட்டேன். "மாத்திரைக்கு அடிமையாயிட்டியா?" என்று மூத்த நாத்தனார் கேட்டதும், ரோஷத்தில் ஒரே நாளில் நிறுத்திவிட்டேன்.

மூன்றாம் நாள் கை நடுக்கம். குழம்புக் கரண்டி பிடிக்க முடியலை. வியர்த்துக் கொட்டும், சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடும். காத்து கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப் போனாங்க. குழுக் கூட்டத்தில் கையெழுத்துப் போட முடியாம நின்னப்போ, எங்க ஊக்குநர் அக்காதான் கவனிச்சு, மறுநாளே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைச்சிட்டுப் போனாங்க.

"பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை. உடம்பு மாத்திரைக்குப் பழகிடுச்சு. திடீர்னு நிறுத்தினா வலிப்புகூட வரலாம்" என்றார் டாக்டர். திரும்ப மாத்திரை கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சார். ஐந்து மாதம் ஆச்சு. தூக்கம் வராத ராத்திரிகளில் வீட்டுக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

இப்போ மாத்திரை இல்லாமத் தூங்குறேன். நீங்களா தொடரவும் வேண்டாம், நீங்களா நிறுத்தவும் வேண்டாம். வெட்கப்படாம டாக்டரைக் கேளுங்க. 14416-க்கு போன் பண்ணினா இலவசமாப் பேசலாம். குழுக் கடனைத் தவணையாக் கட்டுற மாதிரி, இதையும் தவணையாத்தான் குறைக்கணும்.